திரும்பி வந்த மகளும் குடும்பத்தின் மானமும்

வாசகர் கடிதம்:

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். வயது 61. கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரில் ஒரு பிரச்சினை என்றால் என்னைத் தேடி வருவார்கள். கணவன் மனைவி சண்டைகள் பலவற்றைப் பேசித் தீர்த்து, பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்களை மறுபடியும் குடித்தனம் நடத்த அனுப்பிவைத்திருக்கிறேன். இப்போது என் மூத்த மகளே (வயது 27, பி.எட். படித்தவள்) ஒன்றரை வயதுக் குழந்தையோடு நான்கு மாதங்களாக என் வீட்டில் இருக்கிறாள். 2022இல் 60 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தேன். கார் வாங்க 5 லட்சம் கேட்டு மாப்பிள்ளை அடித்திருக்கிறார். கடைசி முறை இடது கை எலும்பு முறிந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறோம். இளைய மகளுக்கு வந்த நல்ல வரன் ஒன்று, ‘மூத்தவள் ஏன் இங்கே இருக்கிறாள்?’ என்ற கேள்வியோடு நின்றுபோனது. ஆவணி பிறந்ததும் சம்பந்தி வீட்டார் பெரியவர்களோடு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம், இல்லாவிட்டால் குடும்ப மானம் போய்விடும் என்கிறார் என் மைத்துனர். மகள் உயிருக்கும் ஆபத்தில்லாமல், குடும்ப மானமும் கெடாமல் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குடும்பநல வழக்குகளை 22 ஆண்டுகளாக நடத்திவரும் வழக்குரைஞர் என்ற முறையில் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் வருகிறவர்களோடு உங்கள் மகளை அனுப்பாதீர்கள். எலும்பு முறிவைச் சட்டம் ‘கொடுங்காயம்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. பணம் கேட்டு அடிப்பது, அடி வலுத்துக்கொண்டே போவது, பிறகு பெரியவர்கள் வந்து அழைத்துப்போவது என்ற வரிசை எங்கே போய் முடிந்தது என்பதை நான் நடத்திய வழக்குகளில் பார்த்திருக்கிறேன். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் இயல்புக்கு மாறாக ஒரு பெண் இறந்து, இறப்புக்குச் சற்று முன்பு வரதட்சணைக்காக அவள் கொடுமைப்படுத்தப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டால், அதை வரதட்சணை மரணமாகவே கருத வேண்டும் என்று சட்டத்தில் தனிப் பிரிவு எழுத வேண்டிய அளவுக்கு இந்த நாட்டில் இது நடந்திருக்கிறது. உங்கள் மகள் அந்த ஏழு ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறாள்.

அடுத்து, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்ததில் என் மனத்தை உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். மைத்துனர் சொல்வது அதில் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் சொன்னது இருக்கிறது. நின்றுபோன வரன் வீட்டார் கேட்ட கேள்வியும் இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அன்பில்லாத தந்தை என்று இதற்குப் பொருள் கொள்ளவில்லை. அன்பில்லாதவர் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டார். ஆனால் ‘குடும்ப மானம்’ என்ற பேச்சு ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், யாருடைய உடம்பைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் பேச்சு நடக்கிறதோ அவளுடைய குரல்தான் முதலில் காணாமல் போகிறது. அவளிடம் தனியே உட்கார்ந்து, அம்மாவோ மாமாவோ அருகில் இல்லாத நேரத்தில், ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்டது மானத்தைப் பற்றி. அதைப் பொருட்படுத்தாமல் சட்டப் பிரிவுகளை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. மானம் வெறும் பேச்சு, தூக்கி எறியுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 61 வயதுவரை ஊரில் நிமிர்ந்து நடந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உடைமை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாம் மானம் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிப்பிட்டுப் பழகிவிட்டோம். தகாததைச் செய்யாமல் இருப்பதால் ஒருவர் தமக்குள் காத்துக்கொள்ளும் நிமிர்வு ஒன்று. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரச் சொல்வது, பத்திரிகையில் பெயர் போடுவது, கோயிலில் பரிவட்டம் கட்டுவது என்று ஊர் நமக்குத் தருவது மற்றொன்று. இரண்டாவதற்குக் கௌரவம், மரியாதை, அந்தஸ்து என்று தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஊர் தருவதை ஊர் திரும்பவும் எடுத்துக்கொள்ள முடியும். முதலாவதை நம் செயலைத் தவிர வேறு எதுவும் குறைக்க முடியாது.

திருக்குறளில் மானத்துக்கென்றே 97ஆவது அதிகாரம் இருக்கிறது. அதன் பத்துக் குறள்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மகள், மனைவி, பெண் என்ற சொற்களில் ஒன்றுகூட அவற்றில் இல்லை. குன்றைப் போன்ற பெரியவரும், குன்றிமணி அளவே ஆனாலும் தாழ்வானதைச் செய்தால் குன்றிப்போவார் என்று ஒரு குறள் சொல்கிறது. தம்மை மதியாதவர் பின்னால் சென்று ஒருவர் வாழ்வதைவிட, அந்த நிலையிலேயே கெட்டழிந்தார் என்று பெயர் எடுப்பது நல்லது என்று வேறொரு குறள் சொல்கிறது. உங்கள் மைத்துனர் மானத்தின் பெயரால் கேட்பது என்ன என்று இதற்கு நேரே வைத்துப் பாருங்கள். கையை முறித்தவன் வீட்டுக்கே அவள் திரும்பிப் போய் வாழ வேண்டும் என்கிறார். வள்ளுவர் மானக்கேடு என்று எதைச் சொன்னாரோ அதையே மானத்தைக் காக்கும் வழி என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் எல்லை கடந்து பாகிஸ்தானிலும் ‘இஸ்ஸத்’ என்பார்கள். தெலுங்கில் ‘பருவு’ என்பார்கள். சிங்களத்தில் ‘லஜ்ஜா பய’ என்று வெட்கத்தையும் அச்சத்தையும் ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். நிலமும் சாதியும் கொடுக்கல் வாங்கலும் திருமணத்தின் வழியாகவே கைமாறிய இந்தச் சமூகங்களில், ஒரு குடும்பத்தின் தரத்தை அளக்கும் கோலாகப் பெண் ஆனாள். ஆண் குடித்துவிட்டு விழுந்தால் அவனுடைய கெட்ட பழக்கம்; பெண் அடி தாங்காமல் வெளியே வந்தால் இரண்டு குடும்பங்களின் மானம். இந்தக் கணக்கில் நியாயம் எங்கே இருக்கிறது என்பதை, பல வழக்குகளில் நடுவராக உட்கார்ந்த நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

‘நம் குடும்பத்தில் இப்படி யாரும் திரும்பி வந்ததில்லை, இது நம் வழக்கமே இல்லை’ என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். தமிழ்நாட்டின் பல சமூகங்களில், ஒத்துவராத திருமணத்தைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு, பெண் வேறு திருமணம் செய்துகொள்ளும் ‘அறுத்துக்கட்டும்’ வழக்கம் இருந்திருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தபோது, அத்தகைய வழக்காற்று மணமுறிவுகளைத் தன் 29ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் விட்டுவைத்தது. வசதியும் படிப்பும் வந்த பிறகு, மேல்சாதி என்று தாங்கள் கருதியவர்களைப் பார்த்து அந்த வழக்கத்தைத் தாழ்வாக எண்ணிக் கைவிட்ட குடும்பங்கள் ஏராளம். ஆதிகாலத்திலிருந்து வரும் மானம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, நம் தாத்தாக்கள் காலத்தில் ஏறிய கௌரவம்தான்.

இனிச் சொல்வது உங்களுக்கு வலிக்கும். ஆனாலும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிரிந்து வந்த பெண்கள் பலரைப் பேசி அனுப்பிவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் உங்களுக்கு இருக்கும் மரியாதையில் ஒரு பங்கு அந்தப் பஞ்சாயத்துகளில் சேர்ந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும், பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொறுத்துப்போ என்று அங்கே சொல்லப்பட்ட சொற்கள்தான் இப்போது உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கின்றன. நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்தீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் மகளை வீட்டில் வைத்துக்கொண்டால், ‘ஊருக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயமா?’ என்று யாராவது கேட்பார்களே என்ற கூச்சமும் உங்கள் தயக்கத்துக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கேட்டால், ‘ஆமாம், அன்றைக்கு நான் சொன்னது தவறு’ என்று சொல்லலாம். சொல்வதற்கு மிகவும் கடினமான வாக்கியம் அது. சொன்னபின் உங்களைக் குறைவாக நினைக்க நியாயமுள்ளவர் யாருக்கும் மனம் வராது. முடிந்தால், அன்று அனுப்பிவைத்த பெண்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

எழுதி வாங்குவதைப் பற்றி. ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று பத்து ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நான்கு பெரியவர்கள் சாட்சிக் கையொப்பம் இட்ட தாள்கள் என் அலுவலகக் கோப்புகளில் நிறைய இருக்கின்றன. அடித்ததை அவனே ஒப்புக்கொண்டதற்கு ஒரு சான்றாக அந்தத் தாள் பின்னால் உதவலாம். அடுத்த அடியைத் தடுக்கும் வலிமை அதற்குக் கிடையாது. மீறினால் நடவடிக்கை எடுக்க அந்தப் பெரியவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதேபோல், பஞ்சாயத்தில் எழுதும் விடுதலைப் பத்திரமும் மணவிலக்கு ஆகாது. அத்தகைய வழக்காறு தங்கள் சமூகத்தில் உண்டு என்பதைச் சொல்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே இரண்டு வகைத் தாளிலும் உங்கள் மகள் கையொப்பமிட வேண்டாம்.

தடுக்கும் வலிமை உள்ளது நீதிமன்ற ஆணை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உங்கள் மகள் இப்போது தங்கியிருக்கும் ஊருக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அணுகவும் தொல்லை கொடுக்கவும் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, தனக்கும் குழந்தைக்கும் பராமரிப்புத் தொகை, மருத்துவச் செலவு, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சென்றால் மனு தயாரிக்க அவரே உதவுவார். பெண்கள் உதவி எண் 181. பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு பாராமல் இலவச வழக்குரைஞர் பெற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அதன் உதவி எண் 15100.

வரதட்சணைக் கொடுமைக்கான குற்றவியல் புகார் இதிலிருந்து வேறு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ என்று எல்லாரும் அறிந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. அடைக்கலம் புகுந்த ஊரின் காவல் நிலையத்திலேயே இதைக் கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. புகார் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும். ‘வரதட்சணை கொடுத்ததும் குற்றம்தானே, நம்மையும் பிடித்துக்கொள்வார்களோ’ என்று தயங்கும் தந்தையர் என்னிடம் நிறைய வருகிறார்கள். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே வழக்குத் தொடர முடியாது என்று வரதட்சணைத் தடைச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. மகளுக்குப் போட்ட 60 பவுனும் அவளுடைய சீதனம். அது மாமியார் பெயரில் உள்ள வங்கிப் பெட்டகத்தில் இருந்தாலும் அவளுக்கே சொந்தம் என்பதும், கேட்டும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்பதும் 1985லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம்.

கை முறிந்தபோது எந்த மருத்துவமனையில் கட்டுப் போட்டீர்களோ அங்கிருந்து மருத்துவப் பதிவையும் எக்ஸ்ரே படத்தையும் வாங்குங்கள். படியில் விழுந்ததாக அன்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தப் பதிவு வேண்டும். ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதை மகள் நீதிமன்றத்தில் விளக்கலாம். நகை ரசீதுகள், கல்யாண ஆல்பம், சீர் எழுதிய நோட்டு, பணம் கேட்டு வந்த வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். குரல் பதிவு இருக்கும் கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

இளைய மகளின் திருமணத்துக்கு வருகிறேன். பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கிறாள் என்ற பொய்தான் இப்போது உங்கள் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறது. பொய் சொல்கிறவர் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று கேட்பவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்தின் பாரம் உங்கள் மூத்த மகளின் தலையில் இறங்குகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஊர் பேசுவதற்கு முன்னால் நாம் பேசிவிட முடியும். அடுத்த வரன் வரும்போது, ஜாதகம் கொடுக்கும் நாளிலேயே, ‘மூத்த மகளை அவள் கணவர் அடித்துக் கையை முறித்தார்; அதனால் எங்களோடு இருக்கிறாள்; சட்டப்படி நடவடிக்கை எடுத்திருக்கிறோம்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சில வரன்கள் நின்றுபோகும், அதை மறைக்க மாட்டேன். கை முறிந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டதற்காக உங்களை ஒதுக்கும் குடும்பத்தில், நாளை உங்கள் இளைய மகளுக்கு ஒரு துன்பம் வந்தால் யார் துணை நிற்பார்கள்? இன்று அக்காவுக்கு நடப்பதைத் தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் நினைவில் வையுங்கள். தனக்கு இப்படி நேர்ந்தால் அப்பாவிடம் சொல்லலாமா கூடாதா என்பதை அவள் இந்த மாதங்களில்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறாள்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 விழுக்காட்டினர் அதை யாரிடமும் சொன்னதும் இல்லை, உதவி கேட்டதும் இல்லை. உங்கள் மகள் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தாள். நீங்கள் வளர்த்த விதத்தின்மேல் அவள் வைத்த நம்பிக்கை அது. என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் உங்களுக்குக் கிடைத்த மரியாதைகளில் மிகப் பெரியது அதுதான்.

விருந்தாளி வந்தால் அவளை உள்ளறைக்குப் போகச் சொல்லும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். கோயில் கொடைக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் அவளும் குழந்தையும் உங்களோடு வரட்டும். ‘வாழாவெட்டி’ என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள். அதை மகளே மறுக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். பி.எட். முடித்தவள் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு உண்மையாகவே படிக்கலாம். அதுவரை அருகிலுள்ள பள்ளியில் வேலைக்குச் சேரலாம். 60 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று உறவினர்கள் சொன்னால், 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு மகளுக்கும் பிறப்பாலேயே உண்டு என்பதையும், திருமணம் அதை அழிப்பதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அவள் விருந்தாளியாகவோ பாரமாகவோ உங்கள் வீட்டில் இல்லை.

ஒருவேளை நீங்கள் தனியே கேட்கும்போது, கணவனோடு சேர்ந்து வாழவே விரும்புவதாக அவள் சொல்லலாம். அப்படிச் சொல்கிற பெண்களும் உண்டு. அந்த முடிவையும் நாம் மதிக்க வேண்டும். ஆனால் அதற்கு வழி திண்ணைப் பஞ்சாயத்து அன்று. பாதுகாப்பு ஆணை கையில் இருக்கட்டும். நீதிமன்றத்தின் சமரச மையத்தில் பயிற்சி பெற்றவர் முன்னிலையில் பேச்சு நடக்கட்டும். மாமியார் வீட்டில் இல்லாமல் தனிக்குடித்தனம், கையில் அவளுடைய கைபேசி, அவள் பெயரில் வங்கிக் கணக்கு, எந்த நேரத்திலும் திரும்பி வர உங்கள் வீட்டின் திறந்த கதவு ஆகியவை உறுதியாகட்டும். ஒப்புக்கொண்டதெல்லாம் நீதிமன்றப் பதிவில் ஏறிய பிறகே அவள் போகட்டும்.

ஆவணியில் சம்பந்தி வீட்டார் வந்தால் உட்காரவைத்து மோர் கொடுங்கள். வீடு தேடி வந்தவர்களை அவமதிக்க வேண்டியதில்லை. மகள் விரும்பினால் மட்டும் கூடத்துக்கு வரட்டும். ‘நாங்கள் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம், இனிப் பேசுவதை அங்கே பேசிக்கொள்வோம், நகைகளின் பட்டியல் இதோ’ என்று சொல்லி ஒரு நகலைக் கையில் கொடுங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம். இதை மைத்துனர் சொல்லக்கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் பார்த்து முடித்த சம்பந்தமாக இருந்தால், தன் சொல்லுக்கு நேர்ந்த குறையாக அவர் இதை எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அவரையும் கடிந்துகொள்ளாமல், மருமகளின் எக்ஸ்ரே படத்தை ஒருமுறை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நாளுக்கு முன் மனு தாக்கலாகியிருக்க வேண்டும் என்பதால், வருகிற வாரமே மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு மகளோடு போய்வாருங்கள். போவதற்கு முன் இந்தப் பதிலை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இதில் அவளுக்கு உடன்பாடில்லாதது ஏதேனும் இருந்தால், அவளே தன் கையால் எனக்கு எழுதட்டும். அந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.